மூக்கு எரியும் முன்னாடி சைரன் அடிக்கணும்! எண்ணூர் அம்மோனியா கசிவும் நாம கேட்க வேண்டிய ஏழு கேள்விகளும்

(தகவல் தொழில்நுட்ப அணியின் சுற்றுச்சூழல் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். கொஞ்சம் நீளம்தான். முழுசா படிங்க, உங்க ஊர் குரூப்ல பகிருங்க.)



2023 டிசம்பர் 26. சுனாமி வந்து 19 வருஷம் ஆன நாள். எண்ணூர் மீனவ கிராமங்கள்ல காலையில கடலுக்குப் பால் ஊற்றி, பூ தூவி அஞ்சலி செலுத்தின நாள். அன்றைக்கு ராத்திரி, நள்ளிரவு நெருங்குகிற நேரம், கோரமண்டல் இன்டர்நேஷனல் உரத் தொழிற்சாலைக்குக் கப்பலில் இருந்து அம்மோனியா கொண்டு வரும் கடலடிக் குழாயில் கசிவு. பெரியகுப்பம், சின்னகுப்பம் பக்கம் தூங்கிட்டு இருந்த ஜனங்க கண் எரிஞ்சு, நெஞ்சு அடைச்சு எழுந்திருச்சாங்க. குழந்தையைத் தூக்கிட்டு, வயசானவங்களைக் கைத்தாங்கலா கூட்டிட்டு, கிடைச்ச ஆட்டோவுல, பைக்குல, நடந்துன்னு எப்படியெல்லாமோ ஓடினாங்க. நாற்பது பேருக்கு மேல ஆஸ்பத்திரியில சேர்க்கப்பட்டாங்க.

அந்த ராத்திரி ஊருக்கு ஆபத்தைச் சொன்னது எது? அவங்க மூக்கு. அவ்வளவுதான்.

நான் படிச்சது இன்ஜினியரிங். எங்களுக்கு வகுப்புல சொல்லித் தந்த முதல் பாடங்கள்ல ஒண்ணு: அளக்க முடியாததைக் கட்டுப்படுத்த முடியாது. அதனால இன்னைக்கு கோஷம் கொஞ்சம், கணக்கு கொஞ்சம். இந்த வாயுவோட ஆபத்தை எப்படி மதிப்பிடுறது, அதிகாரிகளும் கம்பெனிகளும் தரும் எண்களை எப்படிப் படிக்கிறது, அடுத்த முறை ஒரு கருத்துக்கேட்புக் கூட்டத்துல நீங்க எழுந்து என்ன கேட்கணும், இதுதான் விஷயம்.

*முதல்ல, அம்மோனியான்னா என்ன?*

அம்மோனியா இல்லாம யூரியா இல்ல, டிஏபி இல்ல. நம்ம டெல்டா விவசாயி வயல்ல போடுற உரத்தின் தாய் அதுதான். மீன்பிடித் துறைமுகத்துல ஐஸ் ஃபாக்டரி ஓடுறதும் பெரும்பாலும் அம்மோனியாவுலதான். அதனால "இந்த வாயுவே வேணாம்"னு ஒரு வரியில முடிச்சிட்டுப் போக முடியாது. எங்கே வைக்கலாம், எவ்வளவு வைக்கலாம், யார் வீட்டுக்குப் பக்கத்துல வைக்கக் கூடாது, அதுதான் கேள்வி.

இது மைனஸ் 33 டிகிரியில கொதிக்கும் திரவம். அதனால குளிர வைத்தோ அழுத்தம் கொடுத்தோ திரவமாத்தான் சேமிக்கிறாங்க. ஒரு லிட்டர் திரவம் வெளியே வந்து வாயுவாச்சுன்னா சுமார் 850 லிட்டர் இடத்தை அடைச்சுக்கும்.

இது தண்ணீரைக் கண்டா விடாது. ஒரு பங்கு தண்ணீர் நூற்றுக்கணக்கான பங்கு அம்மோனியாவைக் குடிச்சிடும். நம்ம உடம்புல ஈரம் எங்கே இருக்கு? கண்ணு, மூக்கு, தொண்டை, நுரையீரல். அங்கே போய்க் கரைஞ்சு காரமாக மாறும். அமிலம் பட்டா வெந்து ஒரு படலம் உருவாகி ஓரளவு அங்கேயே நிற்கும். காரம் சதையைக் கரைச்சுக்கிட்டு உள்ளே போய்க்கிட்டே இருக்கும். கண்ணுல பட்டா உடனே தண்ணீர் ஊற்றிக் குறைந்தது 15 நிமிஷம் கழுவணும்னு சொல்றது அதனாலதான்.

அது மட்டுமில்ல. குளோரினோட சேர்ந்தா நச்சு வாயுக்கள், சில நிலைகள்ல வெடிக்கும் சேர்மங்கள். செம்பு, பித்தளையை அரிக்கும். எஃகுல கூட நுண்விரிசல் உண்டாக்கும், அதைத் தடுக்கவே திரவ அம்மோனியாவுல சிறிதளவு தண்ணீர் சேர்க்கிறாங்க. அதாவது குழாயும் வால்வும் சும்மா போட்டு மறந்துட முடியாது. பராமரிப்புல ஒரு வருஷம் கண்ணை மூடினா, அதோட விலையை ஊர் கொடுக்கும்.

*"அம்மோனியா காற்றைவிட லேசு, மேலே போயிடும்"*

இந்த வசனத்தை எந்தக் கசிவுக்குப் பிறகும் கேட்கலாம். பாதி உண்மை. வாயு நிலையில அது காற்றைவிட லேசுதான். மூலக்கூறு எடை 17, காற்றுக்குச் சுமார் 29. ஆனா திரவமாக இருந்தது பீய்ச்சி அடிச்சு வரும்போது மைனஸ் 33 டிகிரி குளிரோட, நுண்துளிகளோட, காற்றில் உள்ள ஈரத்தையும் சேர்த்துக்கிட்டு வெள்ளைப் புகைமூட்டமா வரும். அந்த மேகம் காற்றைவிடக் கனமானது. தரையோட தரையா ஊர்ந்து வரும். தரையில பாய் போட்டுத் தூங்குறவனைத்தான் முதல்ல தேடி வரும்.

அதிலும் நேரம் முக்கியம். பகல்ல வெயில்ல தரை சூடாகி காற்று மேலே எழும், வாயு கலைஞ்சுடும். குளிர்கால நள்ளிரவுல தரையை ஒட்டின காற்று குளிர்ந்து, அசையாம, ஒரு மூடி போட்ட மாதிரி நிற்கும். அதே அளவு கசிவு ராத்திரியில பல மடங்கு தூரம் போகும். போபால் நடந்தது எப்போ? 1984 டிசம்பர் 2 நள்ளிரவு தாண்டி. வாயு வேற, கதை வேற. ஆனா குளிர்கால நள்ளிரவுங்கிறது இரண்டுக்கும் பொது.

*எண்களை எப்படிப் படிக்கணும்?*

எண்ணூர் கசிவுக்கு அப்புறம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்ன எண்: காற்றில் ஒரு கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம், வரம்பு 400. உடனே நம்ம பக்கம் எல்லாரும் "ஐந்து மடங்கு அதிகம்"னு கார்டு அடிச்சோம். சரியான எண்தான். ஆனா அந்த எண்ணை இன்னும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம்.

2,090 மைக்ரோகிராம் என்பது சுமார் 3 பிபிஎம். அதாவது பத்து லட்சத்தில் மூன்று பங்கு. தொழிற்சாலை ஊழியருக்கு எட்டு மணி நேர வேலைக்கு உலக அளவில் ஏற்கப்படும் வரம்பு 25 பிபிஎம். அப்போ கம்பெனி தரப்பு வக்கீல் ஒருத்தர் எழுந்து "பாருங்க ஐயா, தொழிலாளி வரம்பைவிடக் குறைவுதான்"னு சொல்லலாம். என்ன பதில் சொல்வீங்க?

பதில் இதுதான். அந்த அளவு எடுக்கப்பட்டது கசிவுக்குப் பிறகு, அதிகாரிகள் வந்து சேர்ந்த பிறகு. ஜனங்க ஓடின அந்த நிமிஷங்கள்ல காற்றில் எவ்வளவு இருந்தது என்பதை அந்த எண் சொல்லாது. 3 பிபிஎம்முக்கு மூக்குல லேசா வாசம்தான் வரும். மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில சேர்ந்தவங்க உடம்பு, காற்றில் அதைவிட ரொம்ப அதிகமா இருந்துச்சுன்னு சாட்சி சொல்லுது. அந்த உச்ச அளவைப் பதிவு பண்ண ஊருக்குள்ள கருவி இருந்திருக்கணும்.

இன்னொண்ணு. 400 என்பது 24 மணி நேரச் சராசரிக்கான தேசிய வரம்பு. நாள் முழுக்க, வருஷம் முழுக்க நாம சுவாசிக்கிற காற்றுக்கானது. விபத்தை அளக்க அது சரியான அளவுகோலே இல்ல. விபத்துக்குன்னு தனி அளவுகோல் இருக்கு. குழந்தை, முதியவர், ஆஸ்துமாக்காரர் எல்லாரையும் கணக்கில் எடுத்து அமெரிக்காவில் வகுத்தது. ஒரு மணி நேரம் சுவாசித்தால்: 30 பிபிஎம்மில் எரிச்சல் ஆரம்பம். 160 பிபிஎம்மில் நீடித்த பாதிப்பு, தப்பி ஓட முடியாத நிலை. 1,100 பிபிஎம்மில் உயிருக்கே ஆபத்து. பத்தே நிமிஷம்னா அந்த உயிர் ஆபத்து எல்லை 2,700.

பாருங்க, ஒரே வாயு. "எவ்வளவு" மட்டும் கேட்டா போதாது. "எத்தனை நிமிஷம்", "யாருக்கு" இரண்டையும் சேர்த்துக் கேட்டாதான் எண்ணுக்கு அர்த்தம். எட்டு மணி நேரம் வேலை பார்க்கிற திடகாத்திரமான தொழிலாளிக்கான வரம்பை எட்டு மாசக் குழந்தைக்குப் பொருத்த முடியாது.

*கடலுக்கு என்ன ஆச்சு?*

வாரியம் சொன்ன இரண்டாவது எண்: கசிவு நடந்த இடத்துக் கடல்நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம் அம்மோனியா, வரம்பு 5. இங்கேயும் ஒரு சூட்சுமம் இருக்கு. அந்த 5 என்பது கழிவுநீர்க் குழாய் வாயில் இருக்கலாம்னு சட்டம் அனுமதிக்கிற அளவு. மீன் உயிர் வாழ்கிற அளவு இல்ல.

தண்ணீரில் கரைஞ்ச அம்மோனியா இரண்டு வேஷத்துல இருக்கும். ஒண்ணு அம்மோனியம் அயனி, மீனுக்கு அவ்வளவா கேடில்ல. இன்னொண்ணு அயனியாகாத அம்மோனியா, அதுதான் செவுள் வழியா உள்ளே போய்க் கொல்றது. எது எவ்வளவு என்பதைத் தண்ணீரின் காரத்தன்மையும் சூடும் முடிவு பண்ணும். பிஹெச் ஒரு புள்ளி ஏறினா அந்த விஷ வேஷம் ஏறக்குறைய பத்து மடங்கு ஏறும். கடல்நீர் இயல்பாவே காரம், பிஹெச் எட்டுக்கு மேல. நம்ம கடல் வெதுவெதுப்பு. இரண்டும் மீனுக்கு எதிரா வேலை செய்யும். கடல்வாழ் உயிரினங்களுக்கு அமெரிக்க சுற்றுச்சூழல் முகமை 1989ல் வகுத்த வரம்பு, அயனியாகாத அம்மோனியாவுக்கு ஒரு மணி நேரச் சராசரியா லிட்டருக்கு 0.233 மில்லிகிராம். நாலு நாள் சராசரின்னா 0.035 மட்டும்தான். 5 எங்கே, 0.233 எங்கே!

அதோட முடியல. தப்பின அம்மோனியாவை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டா மாற்றும். அதுக்குத் தண்ணீரில் உள்ள ஆக்சிஜனைச் செலவழிக்கும். நைட்ரேட் அதிகமானா பாசி கொழுக்கும். காற்றில் போன பங்கு, அனல்மின் நிலையப் புகையின் கந்தக டை ஆக்சைடோட சேர்ந்து நுண்துகளா மாறும். எண்ணூரில் அனல்மின் நிலையங்களுக்குக் குறைவா என்ன? ஒரு தொழிற்சாலை அறிக்கை தன் வாயுவை மட்டும் தனியா வைத்து மதிப்பிடும். எண்ணூர் ஜனங்களோட நுரையீரல் எல்லாத்தையும் சேர்த்துத்தான் மதிப்பிடுது. அந்த டிசம்பர் மாசமே எடுத்துக்கோங்க. முதல் வாரம் மிக்ஜாம் புயல், வெள்ளம். அதோட கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்துல எண்ணெய்ப் படலம். வலை, படகு எல்லாம் கறுப்பு. மூணு வாரத்துல அம்மோனியா. மூணும் விழுந்தது ஒரே ஊர் தலையிலதான்.

*காரணம் என்ன சொன்னாங்க?*

அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு, புயல் நேரத்துக் கடல் சீற்றத்துல பாறைகள் நகர்ந்து குழாயைச் சேதப்படுத்தியிருக்கலாம்னு சொன்னது. சுற்றுச்சூழல் இழப்பீடா 5.92 கோடி ரூபாய்னு கணக்கிடப்பட்டது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. குழாயை நவீன முறையில மாற்றணும், தானா மூடும் வால்வு வேணும், கசிவு உணரும் கருவி வேணும்னு பரிந்துரைகள் வந்துச்சு.

நல்லது. ஆனா புயல் என்பது காரணம், சாக்கு இல்ல. வங்கக் கடலோரத்துல வடகிழக்குப் பருவமழை காலத்துல புயல் வரும்னு தெரியாதவங்க யாரு? புயலுக்கும் கசிவுக்கும் நடுவுல மூணு வாரம். புயல் போன பிறகு குழாயை முழுசா சோதிச்ச பிறகுதான் மறுபடி பயன்படுத்தணும் என்பது திட்டத்துலயே எழுதியிருக்க வேண்டிய விதி. வரும்னு தெரிஞ்ச ஒண்ணைக் கணக்குல சேர்க்காததுக்குப் பேரு இயற்கைப் பேரிடர் இல்ல.

*சரி, நாம கேட்க வேண்டிய ஏழு கேள்விகள்*

உங்க ஊர்ல உரத் தொழிற்சாலை இருக்கலாம், பெரிய ஐஸ் ஃபாக்டரி இருக்கலாம், புதுசா ஒரு கிடங்கு வரலாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைச்சுக்கோங்க.

1. *என்ன வாயு, எத்தனை டன்?* 1989ஆம் ஆண்டு அபாயகரமான ரசாயன விதிகள்படி, 60 டன்னோ அதற்கு மேலோ அம்மோனியா சேமித்தாலே அவசரத் திட்டம், மக்களுக்குத் தகவல் தரும் கடமை எல்லாம் வந்துடும். 600 டன்னைத் தாண்டினா பாதுகாப்பு அறிக்கையும் தரணும். உரத் தொழிற்சாலைத் தொட்டிகள் ஆயிரக்கணக்கான டன் கொள்பவை.

2. *எந்த விபத்தைக் கணக்கு போட்டீங்க?* ஊசி முனை ஓட்டையா, குழாய் முழுசா உடையுறதா? வால்வு மூட எத்தனை நிமிஷம்னு வைச்சீங்க? ஒரு நிமிஷம்னு எழுதினா ஆபத்து வட்டம் சின்னதாகும், பத்து நிமிஷம்னு எழுதினா ஊரே உள்ளே வரும். காகிதத்துல வட்டத்தைச் சுருக்குவது ரொம்ப சுலபம்.

3. *எந்தக் காற்று?* பகல் காற்றுக்கா, அசைவில்லாத நள்ளிரவுக்கா? இரண்டு வரைபடமும் காட்டுங்க. அதுல எங்க பள்ளிக்கூடமும் அங்கன்வாடியும் எங்கே இருக்குன்னு குறிச்சுக் காட்டுங்க.

4. *யாருக்கான வரம்பு?* தொழிலாளிக்கா, குழந்தைக்கா? எத்தனை நிமிஷத்துக்கு?

5. *தண்ணீருக்கு என்ன கணக்கு?* கசிவுக்கு முன்னாடி ஆறும் கடலும் எப்படி இருந்ததுன்னு அளவு இருக்கா? இல்லாட்டி நாளைக்கு "முன்னாடியே இப்படித்தான் இருந்துச்சு"ன்னு சொல்லிடுவாங்க.

6. *அளக்கிறது யார்?* கம்பெனி வாசல்ல மட்டுமா, ஊருக்குள்ளயுமா? அந்த எண் ஊராட்சி அலுவலகத்துல, ரேஷன் கடை வாசல்ல ஒரு திரையில ஓடுமா?

7. *சைரன் யார் கையில?* எத்தனை கிராமத்துக்குக் கேட்கும்? தொழிற்சாலைக்கு வெளியே இருக்கிற ஊருக்கான அவசரத் திட்டத்துக்கு வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஒத்திகை நடத்தணும்னு விதி இருக்கு. கடைசி ஒத்திகை எந்தத் தேதி? எங்க ஊர்ல யாரைக் கூப்பிட்டீங்க?

ஏழாவது கேள்விதான் உயிர். 2020 மே 7 விடியற்காலை விசாகப்பட்டினத்துல ஸ்டைரின் வாயு கசிஞ்சு 12 பேர் இறந்தாங்க. ஆலைக்குள்ள எச்சரிக்கை ஒலிக்கும் வசதி இருந்தது, ஒலிக்கலன்னு விசாரணைக் குழு சொன்னது. கருவி இருக்கறதும் கருவி வேலை செய்யறதும் வேற வேற.

இதெல்லாம் சலுகையா கேட்கலை. அந்த 1989 விதிகள்ல 15வது விதி, ஆபத்து என்ன, விபத்து நடந்தா மக்கள் என்ன செய்யணும், என்ன செய்யக் கூடாது என்பதை முன்கூட்டியே சுற்றியுள்ள மக்களுக்குத் தெரிவிக்கணும்னு கம்பெனிக்குக் கட்டளை போடுது. போபால்ல ஆயிரக்கணக்கானோர் செத்த பிறகு எழுதின விதி அது. 1985 டிசம்பர்ல டெல்லியில ஓலியம் கசிஞ்ச வழக்குல உச்ச நீதிமன்றம், அபாயகரமான தொழில் நடத்துறவன் "என் தப்பு இல்ல"ன்னு தப்பிக்க முடியாது, முழுப் பொறுப்பும் அவனுக்கேன்னு தீர்ப்பு சொல்லிச்சு. சட்டம் நம்ம பக்கம். கேட்கிற ஆள்தான் குறைவு.

பத்து ரூபாய் கட்டணத்துல தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல மனு போடுங்க. முப்பது நாள்ல பதில் தரணும். கேட்க வேண்டியது ஒரே ஒரு ஆவணம்: உங்க மாவட்டத்தின் வெளிக்கள அவசரத் திட்டம். வந்ததும் அதுல உங்க ஊர் பேரு இருக்கான்னு முதல்ல பாருங்க.

*ஒருவேளை இன்னைக்கு ராத்திரியே நடந்தா?*

வாயு வரும் திசையில, காற்றோட போக்குலயே ஓடாதீங்க. மேகம் உங்க கூடவே வரும். காற்றுக்குக் குறுக்கே நகருங்க. ஈரத்துணியை மூக்கு வாயில கட்டுங்க, அம்மோனியா தண்ணீர்ல கரையும் என்பதால ஓரளவு தடுக்கும். வெளியே வெள்ளைப் புகையா தெரிஞ்சா, ஓட வழியில்லாட்டி உள்ளே போய்க் கதவு ஜன்னலைச் சாத்தி, இடுக்குல ஈரத்துணி அடைங்க. பள்ளமான இடத்துல நிற்காதீங்க. கண் எரிஞ்சா தேய்க்காதீங்க, கழுவுங்க. பக்கத்து வீட்டுப் பாட்டியை மறக்காதீங்க.

கடைசியா ஒண்ணு. இனிமே அம்மோனியா குறையப் போறதில்ல, கூடப் போகுது. தூத்துக்குடியில பசுமை ஹைட்ரஜன், பசுமை அம்மோனியான்னு திட்டங்கள் பேசப்படுது. கப்பலுக்கே அம்மோனியா எரிபொருள்னு உலகம் பேசுது. கார்பன் குறையும், நல்லதுதான். ஆனா பசுமைங்கிறது அது தயாராகும் முறைக்கு வைச்ச பேரு. கசிஞ்சா, பசுமை அம்மோனியாவும் அதே 160 பிபிஎம்ல அதே நுரையீரலைத்தான் அடைக்கும். அதனால தொழிற்சாலை கட்டி முடிச்ச பிறகு போராடாதீங்க. கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு 30 நாள் முன்னாடி அறிவிப்பு வரணும், அறிக்கையின் சுருக்கம் தமிழ்லயும் இருக்கணும். அப்பவே இந்த ஏழு கேள்வியோட போய் முதல் வரிசையில உட்காருங்க.

இது எந்தக் கொடி பிடிக்கிறவங்களுக்கும் பொதுவான விஷயம். காற்று கட்சி பார்த்து வீசறதில்ல.

உங்க ஊருக்குப் பக்கத்துல என்ன வாயு, எத்தனை டன், கடைசி ஒத்திகை எப்போன்னு தெரிஞ்சா கருத்துப் பகுதியில எழுதுங்க. தெரியாட்டி, தெரியலன்னு எழுதுங்க. அந்த ஊர்ப் பெயர்களையெல்லாம் தொகுத்து, ஊர் ஊரா மனு போட நாங்க உதவி செய்றோம்.



#எண்ணூர் #அம்மோனியா #தெரிந்துகொள்ளும்_உரிமை